ஜிகர்தண்டா கலர்ல இருந்தா ஓகே பாஸ்!

ஹாஸ்டல்ல ரெண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தாலே பேச்சு பைக் பக்கம் போயிடும். இப்போதைய லேட்டஸ்ட் பஞ்சாயத்து, ஸ்பார்க் பிளக். 'சாதா பிளக்கைத் தூக்கிப் போட்டுட்டு இரிடியம் மாட்டு மாப்ள, வண்டி பறக்கும்'னு ஒரு கோஷ்டி. 'அதெல்லாம் காசு புடிச்ச வேலை'னு எதிர்க்கோஷ்டி. போன மாசம் வரைக்கும் நான் முதல் கோஷ்டி. கட்சி மாறின கதைதான் இந்த வாரம்!

எங்கப்பா திருமங்கலம் பக்கத்துல மல்லிகை போட்டிருக்கார். விடியுறதுக்கு முன்னாடி பறிச்ச பூவை மூட்டையாக் கட்டி, அவரோட பழைய 100 சி.சி. பைக்ல வெச்சு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு போகணும். லேட்டானா மொட்டு விரிஞ்சிடும், கேட்கிற விலைக்குக் கொடுத்துட்டுத்தான் வரணும். போன மாசம் ரெண்டு தடவை வண்டி நடுவழியில மக்கர். உதைச்சு உதைச்சுக் கால் வலிச்சதுதான் மிச்சம், ரெண்டு நாளும் பூ பாதி விலைக்குத்தான் போச்சு. "இன்ஜினீயரிங்தானப்பா படிக்கிற... இதைப் பார்க்க மாட்டியா?"ன்னார். ஒரே கேள்விதான். மானப் பிரச்னை ஆயிடுச்சு!

டூருக்குச் சேர்த்து வெச்ச காசை எடுத்துக்கிட்டு, இரிடியம் வாங்குற ஐடியாவோட மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். "இருக்கிறதை முதல்ல கழட்டிப் பாப்போம் தம்பி"ன்னார். கழட்டினா, பிளக் மூக்கு பூரா அடுப்புக்கரி! அவர் பிளக்கைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. நேரா ஏர் ஃபில்டரைத் திறந்தார். உள்ளே புழுதி அப்பிக் கிடக்கு. மூச்சு அடைச்ச வண்டிக்குக் காத்து கம்மியாகி, பெட்ரோல் கலவை ஓவராகி, அரைகுறையா எரிஞ்சு கரி படியுது. அந்தக் கரி வழியா கரன்ட் கசிஞ்சு போயிடும். அப்புறம் பொறி எங்கே வரும்? "இதுல நீ தங்கத்துல பிளக் போட்டாலும் கொஞ்ச நாள்ல கரிதான்!"

அன்னிக்குப் புரிஞ்சது... பிளக் மருந்து இல்லை பாஸ், அது வண்டியோட நாக்கு! டாக்டர் நாக்கை நீட்டச் சொல்ற மாதிரி, மெக்கானிக் பிளக்கைக் கழட்டுறார். காய்ஞ்ச கரின்னா கலவை ஓவர், இல்லேன்னா பொறி வீக். எண்ணெய்ப் பிசுக்குன்னா பிஸ்டன் ரிங், வால்வு பக்கம் ஆயில் கசிவு. சுண்ணாம்பா வெளுத்துப் போயிருந்தா ஓவர் சூடு. நம்ம ஜிகர்தண்டா கலர்ல இளம் பழுப்பா இருந்தா, வண்டி நல்லா இருக்கு!

அப்போ இரிடியம் டுபாக்கூரா? அப்படியும் இல்லை. சாதா பிளக்ல நடுவே செம்பு, முனையில நிக்கல் கலவை. நிக்கல் சுமார் 1,450 டிகிரியில உருகும். இரிடியம் 2,400 டிகிரியைத் தாண்டணும். அதனால இரிடியம் முனையைக் குண்டூசி மாதிரி அரை மில்லிமீட்டர் சுமாருக்கு மெலிசா செய்ய முடியுது. சாதாவுல அது 2.5 மில்லிமீட்டர். முனை மெலிசா இருந்தா, கம்மி வோல்ட்டேஜ்லயே பொறி தாவும். 6,000 ஆர்.பி.எம்.-ல ஓடுற 4 ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு நிமிஷத்துக்கு 3,000 தடவை எரியணும். அந்த ஓட்டத்துல ஒரு பொறிகூட மிஸ் ஆகக் கூடாதுங்கிற வண்டிக்கு இது நிஜமாவே உதவும்.

ஆனா, கணக்கு போடுங்க. இரிடியம் விலை சாதாவைப்போல 5, 6 மடங்கு. ரெண்டு, மூணு மடங்கு தூரம் ஓடினாலும் காசு நஷ்டம்தான். நல்லா இருக்கிற சாதா பிளக்கைக் கழட்டிட்டு இதைப் போட்டா, மைலேஜ் துள்ளிக் குதிக்கும்னு நம்பவும் வேண்டாம். 2012-ல் வந்த பல்சர் 200 என்.எஸ். மாதிரி 3 பிளக் வண்டின்னா, பர்ஸுக்கு 3 பஞ்சர்!

இன்னொரு சிக்கல்... சாதா பிளக்கை வயர் பிரஷ்ல தேய்ச்சு, கேப் சரி பண்ணி ஓட்டிடலாம். இரிடியத்தை அப்படித் தேய்ச்சா மெலிசான முனை போச்சு! நடுராத்திரி மேலூர் ரோட்டுல நின்னா, கைக்குக் கிடைக்கிறதும் சாதா பிளக்தான்.

கம்பெனியே இரிடியம் போட்டு அனுப்பின வண்டியா? அதையே போடுங்க, காசு மிச்சம் பண்ண சாதாவுக்கு இறங்காதீங்க. வண்டி பக்கா கண்டிஷன், ஹைவேயில விரட்டி ஓட்டுறீங்க, கையில காசும் இருக்கா? தாராளமா மாட்டுங்க.

எதை வாங்கினாலும் மேனுவல்ல இருக்கிற நம்பரைப் பார்த்து வாங்குங்க. என்.ஜி.கே. பிளக்ல நம்பர் ஏற ஏற, சூட்டை வேகமா வெளியே தள்ளுற 'கூல்' பிளக். பாஷ்ல அப்படியே உல்டா... நம்பர் ஏறினா 'ஹாட்'! (1951-ல் ஆரம்பிச்ச நம்ம மைக்கோ கம்பெனிதான், 2008-ல் பாஷ் லிமிடெட்னு பேர் மாத்திக்கிச்சு.) இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு மேனுவல் ரெசிஸ்டர் பிளக் கேட்டா அதேதான் போடணும், இல்லேன்னா கம்ப்யூட்டர் குழம்பும். மாட்டும்போது கையால கடைசி வரை திருகிட்டு, புது பிளக்குன்னா அப்புறம் ஸ்பேனரால அரைச் சுத்து போதும். பலத்தைக் காட்டினா மரை போயிடும், செலவு ஹெட் வரைக்கும் போகும்!

சரி, எங்க கதை? புது ஃபில்டர், ஒரு சாதா பிளக். இரிடியம் விலையில பாதிகூட ஆகலை. மறுநாள் பூ நேரத்துக்கு மார்க்கெட் போச்சு. சாயங்காலம் அப்பா கேட்டார்...

"இதெல்லாம் காலேஜ்ல சொல்லித் தந்தாங்களா?"

"இல்லப்பா, மெக்கானிக் அண்ணன்தான்."

"அப்போ அவருக்கு ஃபீஸ் கட்டினியா?"

டீ மட்டும்தான் வாங்கிக் கொடுத்தேன்!