அக்கறையில்லாத பெற்றோரா? ஓயவிடாத பள்ளியா?



ஆண்டு முடியும் வேளையில் நம் ஆசிரியர் அறைகளில் தவறாமல் ஒலிக்கும் ஒரு குறை உண்டு. "இந்தக் காலத்துப் பெற்றோருக்கு அக்கறையே இல்லை" என்பதுதான் அது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதைக் கேட்டு வருகிறேன். நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால், 2025ஆம் ஆண்டுப் பள்ளித் தவணை முடிந்து, எங்கள் வீட்டின் ஓராண்டைத் திரும்பிப் பார்த்த பிறகு, அந்தச் சொல்லை இனி என் வாயால் சொல்வதாக இல்லை. சொல்கிறவர்களையும் சும்மா விடுவதாக இல்லை!

எங்கள் குடியிருப்பு சுங்கை பூலோவில். மகள் சென்ற ஆண்டு ஐந்தாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. இருவரும் படிப்பது தமிழ்ப்பள்ளியில்தான். ஆனால் நான் பணியாற்றும் பள்ளியில் அன்று. என் தாயாரும் எங்களோடு இருக்கிறார். மனைவிக்குப் பிரிக்பீல்ட்ஸில் கணக்கர் வேலை. காலை ஆறேகாலுக்கு வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். 2016 டிசம்பரில் எம்.ஆர்.டி. வந்தபோது சுங்கை பூலோவில் ஏறினால் மாறாமல் நகருக்குள் போய்விடலாம் என்று மகிழ்ந்தோம். 2022 சூன் முதல் நம் நிலையம் புத்ராஜெயா பாதைக்குப் போய்விட்டது. குவாசா டாமன்சாராவில் இறங்கி மாற வேண்டும். ஐந்து நிமிடம்தானே என்பீர்கள். காலையில் ஐந்து நிமிடம் என்பது ஒரு பெண்பிள்ளைக்குத் தலைவாரிப் பின்னிவிடும் நேரம்.

ஆண்டு நன்றாகத்தான் தொடங்கியது. பெப்ரவரி 11ஆம் நாள் தைப்பூசம். மகன் முதன்முறையாகச் சிறு பால்குடம் சுமந்து பத்துமலைப் படி ஏறினான். பெப்ரவரி 17இல் பள்ளி திறந்தது. டிசம்பரில் மூடியது. 2026இல் தவணை சனவரிக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காக அதற்கு முந்தைய ஆண்டையும் இந்த ஆண்டையும் ஏறத்தாழப் பத்துப் பத்து மாதங்களில் முடித்தார்கள் என்பது ஆசிரியர்களுக்குத் தெரிந்ததே. ஆண்டு சுருங்கியது. நம் பள்ளிகளின் நிகழ்ச்சிகள் சுருங்கினவா? விளையாட்டுப் போட்டி, கலைவிழா, திருக்குறள் மனனம், கதை சொல்லுதல், புதிர்ப்போட்டி, அறிவியல் விழா, புத்தாக்கப் போட்டி, ஆசிரியர் தினம், சிறுவர் தினம், கோத்தோங் ரோயோங்... ஒன்றைக்கூட நாம் விடவில்லை. பன்னிரண்டு மாதச் சுமையைப் பத்து மாத வண்டியில் ஏற்றினோம். வண்டியை இழுத்தது யார்?

சூன் மாதத்தில் என் தாயாருக்கு முழங்காலில் அறுவை மருத்துவம் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. வீடு திரும்பியவர் பல வாரம் கட்டிலை விட்டு அதிகம் நகர முடியாமல் இருந்தார். அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எழுத்துக்கூட்டிப் படிப்பதும் மறந்துவிட்டது. ஒரு மாலை, பொழுது போகவில்லையென்று அவர் முனகியபோது, மகள் தமிழ் நாளிதழை எடுத்து உரக்கப் படிக்கத் தொடங்கினாள். முதலில் மரண அறிவித்தல்கள். யார் பிள்ளை, எந்தத் தோட்டம் என்று அம்மா விளக்கம் சொல்ல, பேத்தி கேள்வி கேட்க, அரைமணி ஒருமணியாயிற்று. அடுத்த நாள் தலைப்புச் செய்தி. அதற்கடுத்த வாரம் தொடர்கதை. 'அன்னார்', 'இறுதிச் சடங்கு', 'இடைத்தேர்தல்' போன்ற சொற்களெல்லாம் பாடநூலின் துணையின்றி அவளுக்கு வந்து சேர்ந்தன. இருபது ஆண்டாகத் தமிழ் கற்பிக்கும் நான் என் வகுப்பில் உண்டாக்க முடியாத ஒன்று என் வீட்டுக் கட்டிலோரம் தானாக நடந்துகொண்டிருந்தது.

ஏறக்குறைய ஐந்து வாரம் அது நீடித்தது. பிறகு நின்றுபோயிற்று. நிறுத்தியது தொலைக்காட்சியோ கைப்பேசியோ அன்று. பள்ளி! அயல்நாட்டுப் புத்தாக்கப் போட்டிக்கு மகள் தேர்வு பெற்றாள். நாள்தோறும் மாலைப் பயிற்சி, சனிக்கிழமைப் பயிற்சி. ஒரு பிள்ளைக்கு இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் செலவு. உண்மையை ஒளிக்காமல் சொல்கிறேன்: அந்தக் கருவியைச் செய்தவன் நான். விளக்கவுரையை எழுதியவர் என் மனைவி. மனனம் செய்து ஒப்புவித்தவள் மகள். தங்கப் பதக்கம் கிடைத்தது. அந்த அரங்கில் தங்கமோ வெள்ளியோ வாங்காமல் திரும்பிய குழு எதையும் நான் பார்க்கவில்லை. பள்ளி வாயிலில் பதாகை கட்டினார்கள். முகநூலில் இருநூறு பேர் வாழ்த்தினார்கள். 'அறுவை', 'அறுவடை' இரண்டுக்கும் வேறுபாடு கேட்ட பிள்ளை, இப்போது தன் கருவி எப்படி இயங்குகிறது என்று கேட்டால் என் முகத்தைப் பார்க்கிறாள்.

போட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேச நாணிய ஒரு மாணவி பேச்சுப்போட்டி மேடையில் நிமிர்ந்து நின்றதை நானே கண்டிருக்கிறேன். ஆனால், அளவு என்று ஒன்று இல்லையா? யு.பி.எஸ்.ஆர். தேர்வு கடைசியாக 2019இல் நடந்தது. 2021இல் முற்றாக நீக்கப்பட்டது. அப்பாடா, இனிப் பிள்ளைகள் மூச்சு விடுவார்கள் என்றோம். 'ஏ'க்களை எண்ணிப் பழகிய நமக்குக் கை சும்மா இருக்கவில்லை. எண்ணுவதற்குப் பதக்கங்களைக் கண்டுபிடித்துக்கொண்டோம். பெற்றோரும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர். பதாகையைப் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இருக்கும்வரை தலைமையாசிரியர்கள் பதாகை கட்டத்தான் செய்வார்கள்.

இனி, எனக்கே வெட்கமான செய்திக்கு வருகிறேன். சூலை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பத்தே முக்காலுக்கு மகனின் வகுப்புப் புலனக் குழுவில் ஓர் அறிவிப்பு. நாளைக் காலை நான்கு நெகிழிப் போத்தல், இரண்டு மணிலா அட்டை, சாயம் கொண்டுவர வேண்டும்! அந்நேரத்தில் மணிலா அட்டைக்கு எங்கே போவது? மனைவி கோபத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே பழைய அட்டைப்பெட்டியை வெட்டிக்கொண்டிருந்தபோது, எனக்கு வேறொரு நினைவு வந்து குத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு நானும் என் வகுப்புக் குழுவில் இதேபோல் இரவில் ஓர் அறிவிப்பை அனுப்பியிருந்தேன். ஒரு தாய் அதற்கு விடியற்காலை இரண்டு மணிக்குப் பதில் போட்டிருந்தார். கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை, இப்போதுதான் பார்த்தேன், கடை திறக்குமுன் பள்ளி வேன் வந்துவிடும், மன்னியுங்கள் சார் என்று. மறுநாள் அவருடைய பையன் வெறுங்கையோடு வந்தான். என் குறிப்பேட்டில் நான் எழுதியது: 'பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை.'

அந்தத் தாயின் இளைய பிள்ளை 2025இல் முதலாம் ஆண்டில் சேர்ந்தது தேசியப் பள்ளியில். தமிழ்ப்பற்று இல்லை என்று ஆசிரியர் அறையில் பேசினோம். தீபாவளிக்கு முந்தைய வாரம், சுங்கை பூலோ பூச்செடித் தோட்டங்களின் பக்கம் அவரைத் தற்செயலாகக் கண்டேன். ஏனம்மா என்று கேட்டுவிட்டேன். அவர் சொன்ன விடையை அப்படியே தருகிறேன்: "தமிழ் வேணாம்னு இல்லைங்க சார். அங்க எப்பவாவது ஒரு கடிதம் வருது. இங்க தெனமும் ஏதாவது கேக்குறீங்க. வீட்டுல நான் ஒருத்திதானே சார்."

நான் வாயடைத்து நின்றேன். 

தமிழ்ப்பள்ளி மாணவர் தொகை 2009ஆம் ஆண்டில் ஓர் இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அண்மை ஆண்டுகளில் எண்பதாயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. நம்மவரிடையே பிள்ளைப்பேறு குறைந்தது இதற்குப் பெரிய காரணம்; அதற்கு நாம் ஒன்றும் செய்ய இயலாது. ஆனால், பிறந்த பிள்ளையை வாயில்வரை கொண்டுவந்து, களைத்துப்போய், வேறு பள்ளிக்குத் திரும்பும் குடும்பத்துக்கு யார் பொறுப்பு? அவர்களை மொழிப்பற்று அற்றவர் என்று ஏசுவது நமக்கு எளிதாக இருக்கிறது. ஏசிவிட்டால் நம் நாட்காட்டியைத் திருத்த வேண்டியதில்லை அல்லவா!

ஒன்றை எண்ணிப் பாருங்கள். இந்தச் சுங்கை பூலோ ஒரு காலத்தில் பால்மரக் காடு. இரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டமே இங்குதான் இருந்தது. குவாசா டாமன்சாரா எழும்பிக்கொண்டிருப்பது அந்த நிலத்தில்தான். தோட்டப் பள்ளியின் மணிக்கூறு தோட்ட வேலையின் மணிக்கூறு. விடியுமுன் பிரட்டுக்குப் போன பெற்றோர், பாலெடுத்து நிறுத்துவிட்டு நண்பகலை ஒட்டி லயத்துக்குத் திரும்புவர். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு வீட்டில் ஆள் இருக்கும். கைக்குழந்தைக்கு ஆயாக்கொட்டகை இருந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும் என்றது. அது பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. என் தாயார் மூன்றாம் வகுப்போடு நின்றது அந்தக் காலத்தில்தான். ஆயினும், பள்ளியும் குடும்பமும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து வாழ்ந்தன.

இன்று குடும்பம் இரயில் நேரத்துக்கும் தொழிற்சாலைப் பணிமுறைக்கும் ஓடுகிறது. பள்ளி இன்னும் நண்பகலில் வீட்டில் ஒரு தாய் காத்திருப்பாள் என்ற நினைப்பில் பிள்ளையை அனுப்புகிறது. மதியம் ஒரு மணிக்குப் பள்ளி முடிந்து, மூன்று மணிக்குப் பயிற்சி என்று அறிவிக்கிறோமே, இடைப்பட்ட இரண்டு மணி நேரம் அந்தப் பிள்ளை எங்கே இருக்கும் என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தை வேலைநாளில் காலை பத்து மணிக்கு வைத்துவிட்டு, வந்தவர் எண்ணிக்கையைக் காட்டிக் குறைபட்டுக்கொள்கிறோமே, இது அறமா?

ஆசிரியர்களின் துன்பம் எனக்குத் தெரியாததன்று. இணையத்தில் தரவேற்றுவதற்கே நாம் பாதி நாளைப் பறிகொடுக்கிறோம். மேலிடத்திலிருந்து இரவில் நமக்கு வருவதைத்தான் இரவிலேயே பெற்றோருக்குத் தள்ளிவிடுகிறோம். ஆனால், ஓயாமல் மிதிக்கப்படுகிறவன் தனக்குக் கீழே உள்ளவனை மிதிப்பதற்கு உரிமை பெற்றுவிடுகிறானா?

இந்த ஆண்டு என் வகுப்புக்கு நான் செய்திருப்பவை சிறியவை. மாலை ஆறு மணிக்குப் பின் குழுவில் எதுவும் போடுவதில்லை. பொருள் வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்னதாகச் சொல்கிறேன். இல்லாதவர்க்கு வகுப்பு அலமாரியில் மணிலா அட்டை வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு இரண்டு போட்டிக்கு மேல் என் கையால் பெயர் எழுத மாட்டேன். 'பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை' என்ற பகுதியைக் குறிப்பேட்டிலிருந்து அடித்துவிட்டேன். தலைமையாசிரியர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: இந்த ஆண்டு எத்தனை சனிக்கிழமைகளைக் குடும்பங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்பதைத் தவணைத் தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுங்கள். எழுதும்போது உங்கள் கையே நடுங்கட்டும்.

மகள் இப்போது ஆறாம் ஆண்டு. சனவரி 12இல் பள்ளி திறந்தது. இரண்டாம் வாரமே சனிக்கிழமைப் பயிற்சிக்கான ஒப்புதல் கடிதம் வந்துவிட்டது. மாலையில் அம்மா நாளிதழை மடியில் வைத்துக்கொண்டு, பாப்பா எப்போது வருவாள் என்று கேட்கிறார். கடிதம் மேசைமேல் இருக்கிறது. நான் இன்னும் கையொப்பம் இடவில்லை.