எழுத்துக்குக் காவல்

வலைப்பூ தொடங்குவோர் பலரும் வண்ணத்தையும் வடிவத்தையும் கண்டே மென்பொருளைத் தேர்ந்தெடுக்கின்றனர். ‘எழுதியவற்றை இங்கிருந்து முழுமையாக எடுத்துச்செல்ல இயலுமா?’ என்பதே முதல் வினாவாக இருத்தல் வேண்டும். இலவசமாக இணையப் பக்கங்கள் அமைக்க இடமளித்த ஜியோசிட்டீஸ் தளத்தை யாகூ நிறுவனம் 2009இல் மூடியபோது, படியெடுத்து வைக்காத பலர் தம் எழுத்தை இழந்தனர்.

கூகுளின் பிளாகரில் செலவோ பராமரிப்புச் சுமையோ இல்லை. ஆயினும், இடம் நமதன்று. 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் கட்டற்ற மென்பொருள். அதனை நாம் விரும்பும் சேவையகத்தில் நிறுவலாம். வாடகையும் புதுப்பித்தலும் நம் பொறுப்பு. எளிமை கருதிப் பிளாகரில் தொடங்குதல் தவறன்று. இரண்டிலும் இடுகைகளைக் கோப்பாகப் பதிவிறக்கும் வசதி உண்டு. அதனைத் திங்கள்தோறும் பயன்படுத்துவதே இன்றியமையாதது.

ஏடுகள் செல்லரிக்கும் முன்னர்ப் படியெடுத்தோராலேயே பழந்தமிழ் நூல்கள் நமக்குக் கிடைத்தன. மின்னெழுத்துக்கும் படியே காவல்.