துயரத்துக்கு மதிப்பெண் இல்லை

கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி வளாகத்தில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர், தாம் எதை ஆராய விரும்புகிறார் என்று கூறும் நோக்க அறிக்கையுடன், எத்தகைய வாழ்க்கை தம்மை அந்த வாசலுக்குக் கொண்டுவந்தது என்று விளக்கும் சுயசரித்திர அறிக்கையையும் தனியே எழுதித் தரவேண்டும். அரசாங்கக் கல்வி ஸ்தாபனங்கள் இனத்தையும் பாலினத்தையும் கருதிச் சலுகை காட்டலாகாது என்று அந்த மாநில வாக்காளர்கள் 1996-இல் தீர்மானித்தார்கள். 2023-இல் இன அடிப்படையிலான மாணவர் சேர்க்கையை நிராகரித்த அமெரிக்க உச்ச நீதிமன்றமோ, இனம் தம் வாழ்வைப் பாதித்த விதத்தை ஒருவர் எழுதினால் அதைப் பரிசீலிக்கத் தடையில்லை என்றும் கூறியது. ஆகவே சுயசரித்திர அறிக்கையின் பாரம் மிகுந்துவிட்டது.

இதனால், கஷ்டத்தைப் பெரிதாக்கிச் சொன்னால் இடம் கிடைக்கும் என்ற பிரமை மாணவரிடையே பரவுகிறது. "வறுமையில் வாடினேன்" என்ற வாக்கியம் ஆயிரம் பேருக்குப் பொருந்தும். இரவு வேலையால் ஒரு பருவத்தில் மதிப்பெண் சரிந்ததையும், வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு அடுத்த பருவத்தில் அதே பாடத்தில் தேறியதையும் சொல்லும் நான்கு வரிகளில்தான் ஒரு தனி மனிதர் புலப்படுகிறார்.

மாணவர் தம் பிரயத்தனத்தைச் சொல்லட்டும். ஆனால் எதை எவ்வாறு மதிப்பிடுகிறோம் என்பதைத் துறைகள் பகிரங்கமாக அறிவிப்பதே நியாயம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி கண்டவருக்கு அந்த மதிப்பீட்டின் ரகசியத்தைச் சொல்லித்தர வீட்டில் எவருமில்லை.