லாடமும் எக்ஸ்ரே படமும்



2006-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் தேதி. அமெரிக்காவில் பிரீக்னஸ் என்னும் புகழ்பெற்ற குதிரைப் பந்தயம். இரண்டு வாரங்களுக்கு முன்புதான் கென்டக்கி டெர்பி பந்தயத்தில் வென்றிருந்த பார்பரோ என்ற குதிரை, ஓடத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே தடுமாறி நின்றுவிட்டது. அதன் வலது பின்னங்கால் எலும்பு 20-க்கும் மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கியிருந்தது.

பந்தயக் குதிரைக்கு இப்படி நேர்ந்தால் பெரும்பாலும் அதை உடனே கருணைக் கொலை செய்துவிடுவார்கள். பார்பரோவின் உரிமையாளர்கள் அவ்வாறு செய்யவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையின் அறுவை நிபுணர்கள் ஓர் உலோகத் தகட்டையும் 27 திருகாணிகளையும் வைத்து எலும்பைப் பொருத்தினார்கள். முறிந்த கால் மெல்ல மெல்லக் கூடி வந்தது.

ஆனால் ஜூலை மாதத்தில் வேறொரு தொல்லை முளைத்தது. அடிபடாத இடது பின்னங்காலின் குளம்பு நோயுற்றது. அந்தக் குளம்புச் சுவரில் ஏறத்தாழ 80 சதவீதத்தை வெட்டி அகற்ற வேண்டியதாயிற்று. பிறகு முன்னங்கால் குளம்புகளுக்கும் நோய் பரவியது. 2007 ஜனவரி 29 அன்று, இனி வலியைத் தணிக்க வழியில்லை என்ற நிலையில், பார்பரோவின் உயிரை மருத்துவர்கள் வேதனையின்றி முடித்துவைத்தார்கள்.

நொறுங்கிய எலும்பை ஒட்டவைக்க முடிந்த மருத்துவத்தால் ஒரு குளம்பைக் காப்பாற்ற முடியவில்லை! குளம்பு என்பது வெறும் நகம்தானே, அதில் அப்படி என்ன இருக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது, நாம் சாதாரணமாக நினைக்கும் ஒரு தொழிலின் பெருமை நமக்குப் புரியும். அதுதான் லாடம் அடிக்கும் தொழில்.

ஒற்றை விரலில் நிற்கும் பிராணி

மாட்டுக்கு லாடம் அடிப்பதை உங்கள் தாத்தா பாட்டி பார்த்திருப்பார்கள். மாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்தது. ஆகவே ஒரு காலுக்கு இரண்டு தகடுகள். குதிரையின் குளம்போ ஒன்றே. அதற்கு வளைந்த ஒற்றை லாடம் போதும். ஏன் ஒன்று? குதிரை ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரலை ஊன்றித்தான் நிற்கிறது! நம் கையின் நடுவிரலுக்குச் சமமான அந்த விரலின் நகம்தான் குளம்பு. நம் நகத்தில் உள்ள கெரட்டின் என்ற புரதமே குளம்பிலும் இருக்கிறது. அதனால்தான் குளம்பின் வெளிச்சுவரில் ஆணி அடித்தாலும் குதிரைக்கு வலிப்பதில்லை.

500 கிலோ எடையுள்ள குதிரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது நிற்கும்போது எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களின் மேல் விழும். அதாவது ஒவ்வொரு முன்னங்காலுக்கும் 150 கிலோ. ஓடும்போது இன்னும் பல மடங்கு.

இந்தச் சுமையைத் தாங்கும் விதம்தான் விந்தையானது. குளம்புக்குள் ஓர் எலும்பு இருக்கிறது. அதைக் குளம்பெலும்பு என்று அழைப்போம். அது மேசைமேல் வைத்த கல்லைப்போல் குளம்பின் அடித்தட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. குளம்பின் உட்சுவரிலிருந்து தொங்கிக்கொண்டிருக்கிறது! சுவரையும் எலும்பையும் இணைப்பவை புத்தகத் தாள்கள்போல் அடுக்கடுக்காக அமைந்த மெல்லிய மடிப்புகள். ஒரு குளம்பில் இவை சுமார் 600 இருக்கும். ஒவ்வொரு மடிப்பிலும் நூற்றுக்கும் மேற்பட்ட நுண்மடிப்புகள் உண்டு. எல்லாவற்றையும் விரித்தால் ஏறத்தாழ 0.8 சதுர மீட்டர் பரப்பு வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உங்கள் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய குளம்புக்குள் ஒரு சிறு மேசையின் பரப்பு!

இந்த மடிப்புகள் அழற்சியடைந்து பிடி தளர்வதே லேமினைட்டிஸ் என்னும் நோய். தானியத்தை அளவுக்கு மீறித் தின்பது, சர்க்கரைச் சத்து மிகுந்த பசும்புல்லை மேய்வது, இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பது, உடலில் கடுமையான நோய்த்தொற்று ஆகியவை இதற்குக் காரணங்கள். ஒரு காலில் அடிபட்டு, மறுகால் இடைவிடாமல் சுமை தாங்கினாலும் இந்நோய் வரும். நடக்கும்போது காலை ஊன்றுவதும் எடுப்பதுமாக இருந்தால்தான் மடிப்புகளுக்கு இரத்தம் சரியாகப் பாயும். பார்பரோவின் இடது காலுக்கு அந்த ஓய்வு கிடைக்கவில்லை.

பிடி தளர்ந்தபின் குளம்பெலும்பு கீழ்நோக்கித் திரும்புகிறது, அல்லது இறங்குகிறது. நோய் முற்றினால் எலும்பின் முனை அடித்தட்டையே துளைத்துவிடும்.

நெம்புகோல் கணக்கு

இங்கேதான் உங்கள் பௌதிகப் பாடம் உதவிக்கு வருகிறது. ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். வளையாத பலகைத் துண்டு ஒன்றைச் செருப்புபோல் பாதத்தின் அடியில் கட்டிக்கொள்ளுங்கள். பலகை விரல்களைத் தாண்டி ஒரு சாண் நீண்டிருக்கட்டும். பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குங்கள். கெண்டைக்கால் எவ்வளவு இழுபடுகிறது! இப்போது நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைக் குறைத்துவிட்டு மறுபடியும் தூக்குங்கள். எளிதாகிவிட்டதல்லவா?

குதிரையும் நடக்கும்போது முதலில் குதிப்பக்கத்தைத் தூக்குகிறது. குளம்பின் முனை கடைசியாகவே தரையை விட்டு எழும்பும். அந்த முனையே சுழலும் புள்ளி. காலின் பின்புறமாக இறங்கும் ஒரு வலிய தசைநாண் குளம்பெலும்பைப் பின்னோக்கி இழுக்கிறது. குளம்பின் முனை நீண்டிருந்தால் இழுப்பு அதிகம் தேவை. பிடி தளர்ந்த மடிப்புகளை அந்த இழுப்பு மேலும் கிழிக்கும்.

மூட்டின் மையத்திலிருந்து சுழலும் புள்ளி 8 செ.மீ. முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குளம்பை முன்புறம் செதுக்கி, லாடத்தைப் பின்னுக்குத் தள்ளிப் பொருத்தி அதை 6 செ.மீ. ஆக்கினால், அதே விசைக்குத் திருப்புத்திறன் கால் பங்கு குறைந்துவிடும். மருந்தில்லை, ஊசியில்லை, 2 செ.மீ. மாற்றம்தான்!

சிகிச்சை லாடம் என்பதன் தத்துவம் இதுவே. குதிப்பக்கத்தை உயர்த்தும் ஆப்பு வடிவ லாடம் தசைநாணின் இழுப்பைக் குறைக்கும். இதய வடிவ லாடம், குளம்பின் அடியில் உள்ள முக்கோண மெத்தைக்கு முட்டுக்கொடுத்துச் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். முனைகள் இணைந்த முட்டை வடிவ லாடம், குதிப்பக்கம் வலிக்கும் குதிரைகளுக்குப் பின்னால் தாங்கல் தரும். ஆணி அடிக்கும் அதிர்ச்சியைத் தாங்காத குளம்புக்குப் பசையால் ஒட்டும் லாடமும் வந்துவிட்டது. லாடத்துக்கும் அடித்தட்டுக்கும் நடுவே ரப்பர்போல் மென்மையான பொருளை நிரப்புவதும் உண்டு.

லாடம் நோயைக் குணப்படுத்துமா?

குணப்படுத்தாது என்பதே என் கருத்து. இதை வலியுறுத்திச் சொல்லவே இக்கட்டுரை. முறிந்த கைக்குக் கட்டும் மட்டைக் கட்டு எலும்பை ஒட்டவைப்பதில்லை. எலும்பு தானாக ஒட்டும்வரை அசையாமல் வைத்திருக்கிறது. அதுபோலவே லாடம் சுமையை நோயுற்ற இடத்திலிருந்து நல்ல இடத்துக்கு மாற்றி, புதிய குளம்பு வளர அவகாசம் தருகிறது. குளம்பு மாதத்துக்குச் சுமார் 6 முதல் 10 மி.மீ. வரைதான் வளரும். மேல் விளிம்பிலிருந்து முனைவரை புதுச் சுவர் இறங்கிவரக் கிட்டத்தட்ட ஓர் ஆண்டு ஆகும். இடையில் நாலைந்து வாரங்களுக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, செதுக்கி, மீண்டும் பொருத்த வேண்டும். தீவனத்தை மாற்றாமல், இன்சுலின் கோளாற்றைக் கவனிக்காமல் லாடத்தை மட்டும் மாற்றினால் பயன் இராது.

ஆகவே "இந்த லாடம் எல்லாக் குதிரைக்கும் ஏற்றது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆப்பு லாடம் தசைநாணுக்கு நன்மை செய்யும்போதே குதிப்பக்கத்தின்மேல் சுமையை ஏற்றுகிறது. இதய வடிவ லாடம் சற்று அதிகமாக அழுத்தினாலும் மெத்தை புண்ணாகிவிடும். ஒரு புறம் குறைத்த விசை மறுபுறம் போய்ச் சேரத்தான் செய்யும். இயற்கையின் கணக்கில் தள்ளுபடி கிடையாது.

"காட்டுக் குதிரைக்கு யார் லாடம் அடித்தார்கள்? லாடமே வேண்டாம்" என்று வாதிடுவோரும் உள்ளனர். அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஒழுங்காகச் செதுக்கிய வெறுங்குளம்போடு, குளம்பின் அடியை மூடும் மெத்தைக் காலணியோடு தேறிய குதிரைகள் பல. ஆனால் காட்டுக் குதிரை நாள்தோறும் பல மைல் நடந்து குளம்பைத் தானே தேய்த்துக்கொள்கிறது. நொண்டும் காட்டுக் குதிரை நெடுநாள் பிழைப்பதுமில்லை. லாயத்தில் கட்டிப்போட்டுத் தானியம் கொடுத்தவர் நாம். ஆகவே பொறுப்பும் நம்முடையதே. லாடம் வேண்டுமா வேண்டாமா என்பதைக் கொள்கையை வைத்து முடிவு செய்யக்கூடாது. அந்தக் குதிரையின் அந்தக் காலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? எக்ஸ்ரே படம் எடுத்துத்தான். ராண்ட்ஜன் 1895-இல் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே குதிரையின் காலை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள்! குளம்பெலும்பு எத்தனை பாகை திரும்பியிருக்கிறது, அதன் அடியில் எத்தனை மில்லிமீட்டர் தட்டு மிஞ்சியிருக்கிறது என்பதைப் படம் காட்டிவிடும். அதைப் பாராமல் செதுக்குவது இருட்டில் சவரம் செய்வது போன்றது.

கையும் மூளையும்

படத்தைப் படிக்கத் தெரிந்தவர் மருத்துவர். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி மில்லிமீட்டர் பிசகாமல் வளைக்கத் தெரிந்தவர் லாடம் அடிப்பவர். இவர் இல்லாமல் அவர் இல்லை, அவர் இல்லாமல் இவரும் இல்லை. முன்னாளில் இவ்விருவரும் ஒருவராகவே இருந்தனர். ஐரோப்பாவில் லாடம் அடிப்பவரே குதிரை வைத்தியர். 1761-இல் கிளாட் பூர்ழெலா என்பவர் பிரான்சின் லியோன் நகரில் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியை நிறுவினார். 1791-இல் லண்டனிலும் ஒரு கல்லூரி தோன்றியது. அதனால் விஞ்ஞானம் வளர்ந்தது, நன்மைதான். ஆனால் காலப்போக்கில் புத்தகம் ஒருவர் கையிலும் சுத்தியல் மற்றொருவர் கையிலும் போய்ச் சேர்ந்தன. புத்தகம் பிடித்தவருக்குக் கிடைத்த மரியாதை சுத்தியல் பிடித்தவருக்குக் கிடைக்கவில்லை.

பிரிட்டன் இதில் ஒரு நல்ல காரியம் செய்தது. பயிற்சியற்றவர் லாடம் அடிப்பதால் குதிரைகள் படும் துன்பத்தைத் தடுக்க 1975-இல் ஒரு சட்டம் இயற்றியது. முறைப்படி பயின்று பதிவு பெற்றவரே அங்கு இத்தொழிலைச் செய்யலாம். நம் நாட்டில் லாடம் அடிப்பவர்கள் பெரும்பாலும் தந்தையிடமோ பிறரிடமோ பார்த்துப் பழகியவர்கள். வட இந்தியச் செங்கற் சூளைகளில் வண்டி இழுக்கும் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் அவர்கள் கையைத்தான் நம்பியிருக்கின்றன. அத்தொழிலாளிக்கு ஓர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி, குளம்பின் உள்ளே நடப்பதை விளக்கிச் சொன்னால் எவ்வளவு நன்மை விளையும்! அவருடைய கைப்பழக்கத்திலிருந்து மருத்துவ மாணவரும் எவ்வளவோ கற்கலாம்.

"இயந்திர யுகத்தில் குதிரைக்கு ஏன் இத்தனை பாடு?" என்று கேட்பீர்கள். நமக்காக உழைத்த பிராணி நொண்டும்போது அதன் வலியைக் குறைக்க வழி தெரிந்தும் செய்யாமலிருப்பது தர்மமாகாது. இது முதல் விடை. இரண்டாவது விடை உங்களைப் பற்றியது. உங்களில் சிலர் நாளை மருத்துவராகலாம், பொறியியலாளராகலாம். அப்போது உங்கள் அறிவைச் செயலாக்கப்போவது இன்னொருவரின் தேர்ந்த கை. அவரை உதவியாள் என்று எண்ணாமல் உடன் பணிபுரிபவர் என்று எண்ணினால் உங்கள் வேலை உயரும்.

பார்பரோவின் கதை, மிகச் சிறந்த கைகளும் மூளைகளும் சேர்ந்தும் தோற்கக்கூடும் என்பதைக் காட்டுகிறது. தோல்வியை மறைக்காமல், வலி மீறியபோது நிறுத்திக்கொண்டதும் மருத்துவ நேர்மைதான். ஆனால் எத்தனையோ சாதாரணக் குதிரைகளின் நோய் அவ்வளவு தூரம் முற்றியிருக்க வேண்டியதில்லை. வேளை தவறாமல் செதுக்கிய குளம்பு, அளவான தீவனம், நொண்டத் தொடங்கியதுமே எடுத்த ஒரு படம், அதைச் சேர்ந்து பார்க்கும் இருவர் - இவை போதும்.

இனி எங்கேனும் குதிரையைக் கண்டால் அதன் பிடரியையும் வாலையும் மட்டும் பார்க்காதீர்கள். குனிந்து குளம்பையும் பாருங்கள். முனை நீண்டிருக்கிறதா? சுவரில் குறுக்கே வளையங்கள் தெரிகின்றனவா? ஒரு காலை மாற்றி மாற்றி ஊன்றுகிறதா? கண்டதைக் குதிரைக்காரரிடம் பணிவோடு கேளுங்கள். அவரும் உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லக்கூடும்.