ஸ்டேட்டிக் என்பது குறுக்குவழி அல்ல

ஜாவா படிக்கத் தொடங்கும் மாணவர் முதல் சில வகுப்புகளிலேயே ஒரு பிழையில் மாட்டிக்கொள்வார். மெயின் மெத்தடிலிருந்து தான் எழுதிய இன்னொரு மெத்தடைக் கூப்பிடுவார். ஸ்டேட்டிக் அல்லாத மெத்தடை ஸ்டேட்டிக் இடத்திலிருந்து அழைக்க முடியாது என்று கம்பைலர் மறுக்கும். பக்கத்தில் இருப்பவர் உடனே தீர்வு சொல்வார்: "முன்னால ஸ்டேட்டிக் போடு, ஓடும்." ஓடவும் செய்யும். ஆனால் அந்த மெத்தட் தொடும் மாறிகளையும் அடுத்து ஸ்டேட்டிக் ஆக்க வேண்டிவரும். கொஞ்ச நாளில் நிரல் முழுக்க ஸ்டேட்டிக்தான் இருக்கும்.

இந்தப் பழக்கத்தை நியாயப்படுத்த ஐந்து வாதங்கள் புழங்குகின்றன. ஐந்துமே தவறு என்பது என் உறுதியான கருத்து. அதைக் காட்ட, களியக்காவிளையில் ரப்பர் ஷீட் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடைக்கு பில் போடும் நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஊரைக் காரணத்தோடுதான் தேர்ந்தேன். 1956 நவம்பர் 1-ஆம் தேதி குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்ததிலிருந்து களியக்காவிளை எல்லை ஊர். சாலையில் சற்று மேற்கே போனால் கேரளத்தின் பாறசாலை. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. ரப்பர் ஷீட்டுக்கு வரி 5 சதவீதம். சரக்கு மார்த்தாண்டத்தில் இறங்கினால் அது மத்திய வரி 2.5, மாநில வரி 2.5 என்று பிரியும். பாறசாலையில் இறங்கினால், மாநிலம் விட்டு மாநிலம் போவதால், 5 சதவீதமும் ஐஜிஎஸ்டி என்ற ஒரே வரி.

வாதம் 1: "ஆப்ஜெக்ட் உருவாக்குவது வீண் வேலை."

பில் என்று ஒரு கிளாஸ் எழுதுகிறோம். வாங்குபவரின் மாநிலம், எடை, விலை ஆகியவை அதன் மாறிகள். ஒவ்வொரு பில்லும் ஓர் ஆப்ஜெக்ட் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி மாநிலம், தனி எடை, தனி விலை இருக்கும். மாநிலத்தை ஸ்டேட்டிக் ஆக்கினால் அந்த மாறி கிளாஸுக்கே சொந்தமாகிவிடும். ஆயிரம் பில் போட்டாலும் மாநிலம் ஒன்றுதான். கடைசியாக யார் எழுதினாரோ அவர் எழுதியதே எல்லோருக்கும்.

ஒரு கவுண்டரில் பாறசாலைக்காரருக்கு ஒரு லட்சம் ரூபாய் பில் பாதியில் நிற்கிறது; மாநிலம் 32. அச்சடிப்பதற்குள் அடுத்த கவுண்டரில் மார்த்தாண்டத்துக்காரரின் பில்லைத் தொடங்குகிறார்கள். மாநிலம் 33 ஆகிவிடுகிறது. இப்போது முதல் பில்லை அச்சடித்தால் ஐஜிஎஸ்டி 5,000 என்று வர வேண்டிய இடத்தில் 2,500 மத்திய வரி, 2,500 மாநில வரி என்று வரும். மொத்தம் இரண்டிலும் 5,000தான் என்பதால் கல்லாவில் இருப்பவருக்குச் சந்தேகமே வராது. ஆனால் தவறான தலைப்பில் கட்டிய வரியைச் சட்டம் வேறு தலைப்புக்குத் தானாக மாற்றிக்கொள்ளாது. வியாபாரி ஐஜிஎஸ்டியை மறுபடியும் கட்டிவிட்டு, முன்பு கட்டியதைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். ஆப்ஜெக்ட் உருவாக்கும் ஒரு வரியை மிச்சப்படுத்தியதற்கு அவர் கொடுக்கும் விலை இது.

வாதம் 2: "ஸ்டேட்டிக் என்றால் நினைவகம் மிச்சம்."

ஒவ்வோர் ஆப்ஜெக்ட்டுக்குள்ளும் எல்லா மெத்தட்களின் நகலும் இருக்கும் என்ற தப்பான எண்ணத்திலிருந்து பிறந்த வாதம் இது. மெத்தடின் குறிமுறை, அது ஸ்டேட்டிக்கோ இல்லையோ, கிளாஸுக்கு ஒரே ஒரு பிரதிதான். ஆப்ஜெக்ட்டுகளில் தனித்தனியாக இருப்பவை மாறிகளின் மதிப்புகள் மட்டுமே. மெத்தடை ஸ்டேட்டிக் ஆக்குவதால் ஒரு பில் ஆப்ஜெக்ட் சிறுத்துவிடாது.

உண்மையில் ஸ்டேட்டிக் எதிர்ப்பக்கமாகவே வேலை செய்கிறது. யாரும் பயன்படுத்தாத ஆப்ஜெக்ட்டை ஜாவாவின் குப்பை சேகரிப்பு கண்டுபிடித்து நீக்கிவிடும். ஆனால் ஸ்டேட்டிக் மாறி பிடித்துவைத்திருக்கும் எதையும் அது தொடாது. அந்த கிளாஸ் நினைவகத்தில் இருக்கும்வரை அதுவும் இருக்கும். பில்களையெல்லாம் ஒரு ஸ்டேட்டிக் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனால், நிரலை நிறுத்தும்வரை ஒரு பில்கூட வெளியேறாது.

வாதம் 3: "ஸ்டேட்டிக் மெத்தட் வேகமானது."

ஸ்டேட்டிக் மெத்தடை அழைக்கும்போது எந்த ஆப்ஜெக்ட்டின் மெத்தட் என்று தேட வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் ஜாவாவின் இயக்கச் சூழல் ஓடும்போதே குறிமுறையை மேம்படுத்துகிறது. அடிக்கடி அழைக்கப்படும் சிறிய மெத்தட்களை அழைத்த இடத்திலேயே விரித்துவிடுகிறது. மிஞ்சும் வேறுபாடு கடைக்காரர் கண்ணுக்குத் தெரியாது. பில் தாமதமானால் காரணத்தைத் தரவுத்தளத்திலும் பிரிண்டரிலும் இணைய இணைப்பிலும் தேட வேண்டும்.

வாதம் 4: "தேவைப்பட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம்."

இதுதான் மிக ஆபத்தான வாதம். கடையின் சரக்கை ஏற்றிச்செல்லும் லாரி சர்வீஸும் நம்மிடம் நிரல் கேட்கிறது என்று வையுங்கள். சரக்கோடு போகும் மின்னணு ஆவணமான இ-வே பில் எத்தனை நாள் செல்லும் என்று கணக்கிட வேண்டும். விதி இது: 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். 600 கிலோமீட்டர் என்றால் மூன்று நாள். சரக்கு என்ற கிளாஸில் இதை ஸ்டேட்டிக் மெத்தடாக எழுதிவிடுகிறோம்.

பிறகு அளவு மீறிய பெரிய எந்திரம் ஒன்றை ஏற்ற வேண்டிவருகிறது. அத்தகைய சரக்குக்கு 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள்; அதே 600 கிலோமீட்டருக்கு முப்பது நாள். சரக்கிலிருந்து பெரியசரக்கு என்ற கிளாஸை வருவித்து, அதே பெயரில் புதிய ஸ்டேட்டிக் மெத்தட் எழுதுகிறோம். கம்பைலர் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் சரக்கு வகை மாறியில் பெரியசரக்கு ஆப்ஜெக்ட்டை வைத்து அழைத்தால் வருவது மூன்று நாள்தான். ஸ்டேட்டிக் மெத்தடை வாரிசு கிளாஸ் மேலெழுத முடியாது, மறைக்க மட்டுமே முடியும். எதை அழைப்பது என்பது மாறியின் வகையைப் பார்த்துக் கம்பைல் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. சாதாரண மெத்தடாக இருந்திருந்தால் உள்ளே இருக்கும் ஆப்ஜெக்ட்டைப் பார்த்து முப்பது என்று சொல்லியிருக்கும். ஒரே பெயர் பல வடிவில் வேலை செய்வதுதான் பொருள்நோக்கு நிரலாக்கத்தின் பெரிய பலம். ஸ்டேட்டிக் போட்ட இடத்தில் அந்தப் பலம் போய்விடுகிறது.

வாதம் 5: "ஜாவாவே அப்படித்தான் இருக்கிறது, மெயினும் ஸ்டேட்டிக், மேத் கிளாஸும் ஸ்டேட்டிக்."

மெயின் ஸ்டேட்டிக்காக இருந்ததற்குக் காரணம் எளிது. நிரல் தொடங்கும் கணத்தில் ஆப்ஜெக்ட் எதுவும் இல்லை. வாசலைத் திறக்க மட்டும் அது ஸ்டேட்டிக். உள்ளே போனதும் முதல் வேலையாக ஆப்ஜெக்ட்டை உருவாக்கி, மற்ற மெத்தட்களை அதன் வழியாகவே அழைக்க வேண்டும். 2025 செப்டம்பரில் வந்த ஜாவா 25, மெயின் ஸ்டேட்டிக்காக இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்தையும் நீக்கிவிட்டது. காட்லின் மொழியில் ஸ்டேட்டிக் என்ற குறிச்சொல்லே கிடையாது.

மேத் கிளாஸின் மெத்தட்கள் வேறு காரணத்தால் ஸ்டேட்டிக். வர்க்கமூலம் கண்டுபிடிக்க எண் ஒன்று போதும். எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. நம் கடை நிரலிலும் அப்படிப்பட்ட வேலை உண்டு. ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள். கடைசி எழுத்து முந்தைய 14-இலிருந்து கணக்கிட்டு வருவது. எண் சரியா என்று சோதிக்கும் மெத்தடுக்கு எந்த பில்லும் தேவையில்லை. அதைத் தாராளமாக ஸ்டேட்டிக் ஆக்கலாம். ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் என்ற எண்ணையும் மாறாத ஸ்டேட்டிக் மதிப்பாக ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம். 2020 வரை அது 100. 2021 ஜனவரி 1 முதல் 200 ஆயிற்று. ஒரே இடத்தில் வைத்திருந்தவர் ஒரு வரியைத் திருத்தினார். பத்து இடத்தில் எழுதியவர் பத்து இடத்தையும் தேடியிருப்பார்.

சி பிளஸ் பிளஸ் மொழிக்கு 1989-இல் ஸ்டேட்டிக் மெத்தட் வந்ததும் இத்தகைய தேவைக்குத்தான். கிளாஸோடு சேர்ந்திருக்க வேண்டிய, ஆனால் ஆப்ஜெக்ட் தேவைப்படாத வேலைக்காகப் பொய்யாக ஓர் ஆப்ஜெக்ட்டைக் காட்டி மெத்தடை அழைக்கும் தந்திரம் அதுவரை புழங்கியது. அந்தத் தந்திரத்துக்குப் பதிலாக, நேர்மையான வழியாகவே ஸ்டேட்டிக் மெத்தட் கொடுக்கப்பட்டது.

ஸ்டேட்டிக் கிளாஸ் பற்றியும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். சி ஷார்ப் மொழியில் ஸ்டேட்டிக் கிளாஸிலிருந்து ஆப்ஜெக்ட் உருவாக்கவே முடியாது. ஜாவாவில் வெளியே தனியாக நிற்கும் கிளாஸை ஸ்டேட்டிக் ஆக்க முடியாது. இன்னொரு கிளாஸுக்குள் இருப்பதை மட்டும் ஆக்கலாம். அதிலிருந்து எத்தனை ஆப்ஜெக்ட் வேண்டுமானாலும் உருவாகும். வெளி கிளாஸின் ஆப்ஜெக்ட்டோடு அதற்குத் தொடர்பு இருக்காது, அவ்வளவே. ஒரு மொழியில் படித்ததை இன்னொன்றுக்கு அப்படியே கொண்டுபோனால் விடை தப்பும்.

ஆகவே ஸ்டேட்டிக் என்று எழுதும் முன் மாணவர் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டால் போதும்: இந்த வேலைக்கு ஒரு குறிப்பிட்ட பில்லைப் பற்றித் தெரிய வேண்டுமா? வேண்டும் என்றால் சாதாரண மெத்தட். கொடுத்த மதிப்புகளே போதும், நாளைக்கு வாரிசு கிளாஸ் இதை மாற்ற வேண்டியும் வராது என்றால் ஸ்டேட்டிக். அந்தச் சொல்லை எழுதுகிறவர், இது எந்த ஒரு பில்லையும் சார்ந்ததல்ல என்று உறுதிமொழி கொடுக்கிறார். உறுதிமொழி மெய்யாக இருக்கும் இடத்தில் மட்டும் அதை எழுதட்டும்.