நாய்க் கண்காட்சியில காதுக்கு எத்தனை மார்க்?

1/ பசியாவரத்துல இருந்து ஓ.பி.க்கு வந்த அண்ணன் ஒருத்தர் கேட்டார்: "சார், படகு, வலைக்குக் காவலா ராஜபாளையம் குட்டி எடுக்கப் போறேன். நல்ல குட்டின்னு எப்படிப் பார்த்து எடுக்கிறது?" நான் கால்நடை மருத்துவர் இல்லை. ஆனா இதுல மனுஷனுக்கும் பொருந்துற ஒரு மருத்துவ விஷயம் இருக்கு. அதுக்குத்தான் இந்த த்ரெட்.

2/ ராஜபாளையத்துக்குன்னு சொல்ற லட்சணங்கள்: நல்ல உயரம், ஆழமான நெஞ்சு, ஒட்டின வயிறு, பால் வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு. வேட்டைக்கு ஓடின நாய்க்கு அந்த நெஞ்சும் வயிறும் அவசியம். நிறம் எதுக்கு? வேற நிறத்துல பிறந்த குட்டிகளை ஒதுக்கிற வழக்கமே இருந்திருக்கு.

3/ உள்காது வேலை செய்ய அங்கே நிறமி செல்கள் வேணும். கரு வளரும்போது அவை தோலுக்குப் போய்ச் சேராத நாய்களில், காதுக்கும் போகாம விட்டுப்போகலாம். அப்படியானா பிறந்த சில வாரத்திலேயே கேட்கும் செல்கள் அழிஞ்சிடும். மருந்து கிடையாது.

4/ மனிதர்களில் இதுக்கு இணையானது வார்டன்பர்க் சிண்ட்ரோம். நெற்றியில வெள்ளை முடிக்கற்றை, நீலக் கண், சிலருக்குப் பிறவியிலேயே காது கேளாமை.

5/ இங்கிலாந்தோட புல் டெரியரும் 19-ம் நூற்றாண்டுல முழு வெள்ளைக்காகவே வளர்க்கப்பட்ட இனம். பரிசோதிச்சதுல வெள்ளை புல் டெரியர்களில் சுமார் 5-ல் ஒண்ணுக்கு ஒரு காதாவது கேட்கலை. நிறமுள்ளவற்றில் 100-க்கு ஒண்ணு, ரெண்டுதான். இனம் அதே, உடம்புவாகும் அதே. வித்தியாசம் நிறம் மட்டும்.

6/ ராஜபாளையத்திலும் காது கேளாத குட்டிகள் பிறக்கிறது வளர்க்கிறவங்களுக்குத் தெரிஞ்ச விஷயம்தான். ஆனா ரிங்ல நடுவர் பல்லைப் பார்க்கிறார், காலைப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். ஒரு காது மட்டும் செவிடான நாய் அங்கே சாதாரணமாத்தான் தெரியும். கோப்பை வாங்கும், அப்புறம் அதை வச்சே இனப்பெருக்கம் நடக்கும்.

7/ கண்டுபிடிக்க வழி இருக்கு. பச்சிளம் குழந்தைகளுக்கு நாங்க எழுதிக் கொடுக்கிற அதே பெரா டெஸ்ட் நாய்க்கும் உண்டு. என் கருத்து: பெரா ரிப்போர்ட் இல்லாத நாய்க்குப் பரிசும் வேண்டாம், அதை வச்சு இனப்பெருக்கமும் வேண்டாம்.

8/ குட்டி வாங்குறவங்களுக்கு: 6 வாரம் தாண்டினதும், தூங்கும்போது பின்னாடி நின்னு சாவிக்கொத்தை ஆட்டுங்க. தரை அதிரக் கூடாது, உங்க நிழலும் படக் கூடாது. மத்த குட்டிகள் பக்கத்துல இருந்தா அதுங்க எழுந்ததைப் பார்த்து இதுவும் எழுந்துடும், அதனால தனியா வச்சுப் பாருங்க. ஒரு காதுக் குறை இதுல சிக்காது, அதுக்கு பெராதான்.

9/ அண்ணனுக்குச் சொன்னதும் இதேதான். ராத்திரி ஏரிக்கரையில துடுப்புச் சத்தம் கேட்டுக் குரைக்கணும், அதுதான் காவல் நாய். மூக்கு எந்த நிறமா இருந்தா என்ன?