ஆரல்வாய்மொழி முதல் களியக்காவிளை வரை

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் பொழுது புலருமுன் வந்திறங்கும் விருதுநகர்ப் பருப்பும் எண்ணெயும், கோயில்பட்டித் தீப்பெட்டியும், தோவாளைப் பூவும், வழியில் எந்த வாயிலிலும் வரிக்கணக்குக் காட்டுவதற்காக வரிசையில் காத்திராமல் வந்து சேருகின்றன என்பதை, அவற்றை வாங்கிப் பயனடையும் நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. 2017 ஜூலை 1-ஆம் தேதி சரக்கு மற்றும் சேவை வரி அமலுக்கு வருமுன், கேரள எல்லையை ஒட்டிய அமரவிளையிலும் வாளையாற்றிலும் விற்பனைவரிச் செக்போஸ்டுகளின் முன்னே லாரிகள் நீண்ட வரிசையில் நின்ற காட்சியும், டிரைவரும் கிளீனரும் சாலையோரத்திலேயே சமைத்துண்டு இரவைக் கழித்த அவலமும் அதற்குள் பலருக்கு மறந்துபோயின. மாநிலம் தன் வரியைத் தானே விதிக்கும் உரிமையை மீண்டும் பெறவேண்டும் என்ற பேச்சு இங்கே அவ்வப்போது எழுவதைக் கேட்கும்போது, அவ்வுரிமைக்குரிய விலை எல்லை வாசலில்தான் செலுத்தப்படுகிறது என்பதை எடுத்துச் சொல்வது அவசியம் என்று தோன்றுகிறது. அதைச் சொல்ல இந்நகரின் சரித்திரமே போதும்.

இந்நகரைத் தலைநகராகக் கொண்ட திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் காலத்தில் திவானாயிருந்த மாதவராவ், மிளகின் மீதும் புகையிலையின் மீதும் அரசாங்கத்துக்கிருந்த ஏகபோகத்தை அடுத்தடுத்து ஒழித்தபின், 1865-இல் பிரிட்டிஷ் இந்தியாவோடும் கொச்சியோடும் ஒரு வர்த்தக உடன்படிக்கை செய்துகொண்டார். புகையிலை, உப்பு, அபின், மது முதலிய சில நீங்கலாக, பிரிட்டிஷ் இந்தியாவில் விளைந்த சரக்கு எதுவும் திருவிதாங்கூருக்குள் சுங்கமின்றி வரலாம் என்றாயிற்று. திருநெல்வேலியிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வந்த மாட்டுவண்டிகளுக்குப் பெருந்தடையாயிருந்த சவுக்கைகள் என்னும் சுங்கச் சாவடிகளின் அதிகாரம் அன்றோடு ஒடுங்கியது. ஆனால் இது இனாமாகக் கிடைத்த சலுகையன்று. அந்நிய தேசத்துச் சரக்குகள் நம் துறைமுகங்களில் இறங்கும்போது பிரிட்டிஷ் இந்தியா விதிக்கும் விகிதப்படியே தீர்வை வாங்குவதென்றும், உப்பை மலபாரில் விற்கும் விலைக்கே விற்பதென்றும் சமஸ்தானம் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதாவது, தன் தீர்வையைத் தானே நிர்ணயிக்கும் சுதந்திரத்தின் பெரும்பகுதியைக் கொடுத்து, வாயிலில்லாத பாதையை வாங்கினார் மாதவராவ். கணக்கறிந்த அந்த மேதை செய்த இந்தப் பண்டமாற்று சரியானதே என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

எண்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதே பண்டமாற்றைத் தலைகீழாக்கும் முயற்சியொன்று இதே நகரிலிருந்து நடந்தது. அதிகாரம் இந்தியர் கைக்கு மாறும் நாளில் திருவிதாங்கூர் தனிச் சுதந்திர ராஜ்யமாகிவிடும் என்று 1947 ஜூன் 11-ஆம் தேதி திவான் ஸர் சி.பி. ராமசுவாமி ஐயர் பிரகடனம் செய்தார். அது நிலைத்திருக்குமானால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் சவுக்கைக்குப் பதில் ஓர் அந்நிய தேசத்தின் சுங்கக் கச்சேரி எழுந்திருக்கும். தனக்கு வேண்டிய அரிசியில் பாதியைக்கூட விளைவிக்க இயலாமல், பர்மா அரிசி யுத்தத்தில் நின்றுபோனபின் பசியை நேரில் கண்டிருந்த ஒரு ராஜ்யம், தன் சோற்றுக்கு வழியான வாசலைத் தன் கையாலேயே அடைத்திருக்கும். ஜூலை 25-ஆம் தேதி ஸ்ரீ ஸ்வாதித் திருநாள் சங்கீத அகாடமியில் திவான் வெட்டுண்டதும், சில தினங்களுக்குள் மகாராஜா இந்தியாவோடு இணைய இசைந்ததும் யாவரும் அறிந்ததே. அம்முயற்சி வன்முறையால் முடிவுக்கு வந்தது வருந்தத்தக்கது. முடிவுக்கு வந்ததில் வருத்தமில்லை.

1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது, எல்லை ஆரல்வாய்மொழியை விட்டு நம் நகரிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தூரத்திலுள்ள களியக்காவிளைக்கு நகர்ந்து வந்தது. தமிழ் பேசும் மக்கள் தமிழ்நாட்டோடு சேர விரும்பியது நியாயமே. அதற்காக உயிர் கொடுத்தவர்களை நான் மறக்கவில்லை. ஆயினும் திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமான நாஞ்சில் நாடு ஒரு பக்கமும் அதை உண்டவர்கள் மறுபக்கமுமாகப் பிரிந்ததன் விளைவு உடனே தெரியவில்லை. 1957-இல் தென்னிந்திய ராஜ்யங்கள் நான்கும் ஒரே அரிசி மண்டலமாக இருந்தவரை பொறுக்கலாயிற்று. அறுபதுகளின் நடுவில் ராஜ்யத்துக்கொரு மண்டலமென்று ஆனபின், நாஞ்சில் நாட்டில் வயலும் திருவனந்தபுரத்தில் உத்தியோகமுமாக வாழ்ந்த குடும்பங்கள், தம் சொந்த நிலத்து நெல்லைத் தம் வீட்டுக்குக் கொண்டுவருவது கடத்தலாகிப்போனதைக் கண்டன. அரிசியைத் துணியில் முடிந்து பஸ்ஸிலும் தலைச்சுமையாகவும் கொண்டுவந்து பிழைத்த ஏழைப் பெண்களை அதிகாரிகள் பிடித்துக் குற்றவாளிகளாக்கினார்கள். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி தேவி இரு மாநிலப் போலீஸாரின் மரியாதையுடன் கடந்துவரும் அதே களியக்காவிளையில்தான் இதுவும் நடந்தது.

எல்லை வாயிலின் சுமையை எளியவர்கள் தாங்குவது அயர்லாந்திலும் இன்று நடக்கிறது. அத்தீவின் குறுக்கே 1923 ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்கிய சுங்கச் சோதனை, ஐரோப்பாவின் ஒற்றைச் சந்தை மலர்ந்த 1993-இல் ஒழிந்தது. பிரிட்டன் 2020-இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதும், சமாதான உடன்படிக்கையால் ஆறிவந்த புண்ணைக் கிளறக் கூடாதென்று நில எல்லையில் வாயிலை வைக்காமல் விட்டார்கள்; ஆனால் வாயில் மறையவில்லை, கடலுக்கு இடம் மாறி வட அயர்லாந்தின் லார்ன், பெல்ஃபாஸ்ட் துறைமுகங்களில் போய் நின்றது. 2023-இல் வின்ட்ஸர் ஏற்பாடு செய்து, உள்ளூரில் விற்கும் சரக்குக்குப் பச்சைப் பாதை, மேலே செல்லும் சரக்குக்குச் சிவப்புப் பாதை என்று பிரித்த பின்னும் கடுதாசி வேலை அடியோடு தொலையவில்லை. தனித்த தீர்வையும் தடையற்ற பாதையும் ஒருசேரக் கிடைக்கமாட்டா. ஒன்றியத்தை விட்டு விலகுவது பற்றிய வாக்கெடுப்பில் விலக வேண்டாமென்று பெரும்பான்மையாய்ச் சொன்ன வட அயர்லாந்து மக்களே அந்தச் சுமையைத் தாங்குகிறார்கள் என்பதுதான் கொடுமை.

கேரளத்தின் மனக்குறை பொய்யன்று. சரக்கு மற்றும் சேவை வரியால் நேரும் இழப்புக்கு, ஆண்டுக்குப் பதினான்கு சதவீத வளர்ச்சியைக் கணக்கிட்டு மத்திய அரசு தந்துவந்த நஷ்டஈட்டுக் காலம் 2022 ஜூனில் முடிந்தது. அவ்வரிக்கான கவுன்சிலிலோ மூன்றில் ஒரு பங்கு வாக்கு மத்திய அரசுக்கு என்றும், முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டுமென்றும் விதியிருப்பதால், மாநிலங்கள் யாவும் ஒன்றுகூடினாலும் டெல்லி இசையாமல் ஒன்றும் நடவாது. மாற்றப்பட வேண்டியது இந்த விதி. அதற்கான போராட்டம் கவுன்சிலிலும் பாராளுமன்றத்திலும் நடக்கட்டும். எல்லையிலுள்ள பாறசாலையில் பாலின் தரத்தைச் சோதிப்பது போன்ற, உயிரோடும் ஆரோக்கியத்தோடும் சம்பந்தப்பட்ட சோதனையை நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் 2020 மார்ச்சில், கோவிட் தொற்றைக் காட்டி, கேரள எல்லையிலுள்ள தலப்பாடியில் கர்நாடகம் சாலையில் மண்ணைக் கொட்டி மறித்தபோது, மங்களூர் ஆஸ்பத்திரிகளை நம்பியிருந்த காசர்கோட்டு நோயாளிகள் பட்ட பாடு, ஆரோக்கியத்தின் பெயராலும் வாயில் எத்தகைய கொடுமையாகும் என்பதைக் காட்டிற்று. ஆகையால் கேரளமோ தமிழகமோ இனி எக்காரணம் பற்றியேனும் புதிய சோதனைச் சாவடியொன்றை உத்தேசிக்குமானால், அதனால் யாருக்கு எவ்வளவு தாமதமும் செலவும் நேரும் என்ற கணக்கைச் சட்டசபையில் முன்கூட்டி வைக்கவும், பாறசாலை, களியக்காவிளை, ஆரியங்காவு, செங்கோட்டை வாசிகளையும் சுமைக்கூலிக்காரர்களையும் லாரிக்காரர்களையும் அழைத்து விசாரிக்கவும் இரு அரசுகளும் சட்டபூர்வமாகக் கடமைப்பட வேண்டும்.